நவம்பர், கவுண்டர் எண் மூன்று

வலது கட்டைவிரல்: பதிவாகவில்லை.
இடது: பதிவாகவில்லை.
துடைத்துவிட்டு வையுங்க சார் என்கிறேன்.
சட்டை ஓரத்தில் துடைத்துவிட்டு வைக்கிறார்
லெப்டினென்ட் ஜெனரல் சற்குணம், ஓய்வு, வயது எழுபத்தாறு.

நந்தம்பாக்கம் கிளையில் நான் ஒப்பந்த ஊழியை.
மழை பிடித்த நவம்பரில்
ஓய்வூதியக்காரர்கள் இன்னும் சாகவில்லை என்று
அரசாங்கத்துக்குச் சொல்வது என் வேலை.

பத்து விரலும் பார்த்தாயிற்று.
ரேகை இருக்க வேண்டிய இடம்
பழைய கோயில் படி மாதிரி வழுவழுவென்று இருக்கிறது.
"கயிறு" என்கிறார்,
"ஹெலிகாப்டரிலிருந்து இறங்குற கயிறு.
மீதியைப் பனி எடுத்துக்கிச்சு."
எந்த ஊர்ப் பனி சார்?
"வடக்கே."
போன வருஷமும் அதே வடக்கே.

முப்பத்தெட்டு வருஷ வேலையில்
அவர் சொல்லி நான் அறிந்தது கொஞ்சம்.
இருநூற்றுப் பதினேழு முறை விமானத்திலிருந்து குதித்தது,
பெரும்பாலும் இரவில்.
பிஸ்கட் காகிதம், தீக்குச்சி, மலம்கூட
பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தது,
நடந்த தடத்தை நடந்தவனே அழித்துக்கொண்டு.
கேப்டனாக எட்டுப் பேரோடு போனவர்
ஜெனரலாகி, வரைபடத்தின் முன் நின்று
வேறு எட்டுப் பேரை அனுப்பினார்.
"அதுதாம்மா கஷ்டம். வயர்லெஸ்ல சத்தமே இல்லைன்னா
எல்லாம் சரியா நடக்குதுன்னு அர்த்தம்.
இல்லே, கேட்க யாருமே மிச்சமில்லேன்னு அர்த்தம்."
அவர் மனைவி கடைசிவரை
வீட்டுக்காரருக்கு ஏதோ பயிற்சிப் பள்ளியில் உத்தியோகம் என்றே
பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம்
கூரையை உரசுகிறது.
கிளையில் யாரும் நிமிர்வதில்லை.
அவர் உதடு மட்டும் அசைகிறது,
ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம்,
குடை விரியும்வரை எண்ணுகிற எண்ணிக்கை.

வந்ததும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.
"அலமேலு வந்துட்டுப் போயாச்சா?"
பத்தாம் தேதியே போயாச்சு சார்.
அதன்பிறகுதான் உட்காருவார்,
ஒரே வாசல் உள்ள இந்தக் கிளையில்
இரண்டாவது வாசலைக் கண்ணால் தேடிவிட்டு.

அலமேலு, ஹவில்தார் எத்திராஜின் மனைவி.
கணியம்பாடிக்காரி, இப்போது மணப்பாக்கத்தில் மகளோடு.
நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்த விரல்தான்,
ஆனாலும் வைத்ததும் பச்சை விளக்கு எரியும்.
அந்தம்மா ஒருமுறை காட்டிய பழுப்புக் காகிதத்தில்
எத்திராஜ் ஜீப் கவிழ்ந்து இறந்தவர்.
கீழே கையெழுத்து: மேஜர் ஏ. சற்குணம்.

முகத்தை வச்சுப் பார்ப்போம் சார்.
கைபேசியை நீட்டுகிறேன். திரையில் ஒரு வட்டம்.
கண்ணைச் சிமிட்டவும், என்கிறது.
சிமிட்டவில்லை.
நேரம் முடிந்தது, மீண்டும் முயலவும்.
"சிமிட்டாம கிடக்கத்தான் எங்களைப் பழக்கினாங்க" என்கிறார்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
பின்னால் டோக்கன் நாற்பத்தொன்று முனகுகிறார்.
குடைகளிலிருந்து தரையெல்லாம் ஈரம்.

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.
சார், அந்தம்மா இந்தத் தடவை சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க:
'எங்க வீட்டுக்காரருக்கு ஜீப்புன்னாலே ஆவாது,
ஏறினா வாந்தி. எங்கேயும் நடந்துதான் போவாரு.
அந்தப் பேப்பரை எழுதினவரு பாவம்,
அவருதான் என்ன பண்ணுவாரு.'

வட்டம் பச்சையானது.

"அங்கே ரோடே கிடையாதும்மா" என்றார்.
ஆறு வருஷத்தில்
வடக்குக்கு மேல் அவர் சொன்ன ஒரே வழி அது.
நான் எங்கும் குறித்துக்கொள்ளவில்லை.

சான்று அச்சாகி வந்தது. உயிருடன் இருக்கிறார்.
நாலாக மடித்துப் பையில் வைத்து எழுந்தவர்
ரேகைக் கருவியின் கண்ணாடியை
சட்டை ஓரத்தால் ஒருமுறை துடைத்தார்,
துடைக்க அதில் எதுவுமே இல்லை.

நாற்பத்தொன்று, வாங்க.